செயலியிடம் உண்மையைச் சொல்லுங்கள்: ஜெர்மன் படிக்கும் நம் ஊர்ச் செவிலியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தங்கைகளே, தம்பிகளே,

டியூட்டி முடிந்து விடுதி அறைக்கு வந்ததும், சாப்பாட்டுத் தட்டை ஒரு கையிலும் போனை இன்னொரு கையிலும் வைத்துக்கொண்டு ஜெர்மன் படிக்கிற உங்களுக்காக இதை எழுதுகிறேன். நானும் அப்படித்தான் படித்தேன். மதுரையில் ஆறு வருடம் வார்டில் வேலை பார்த்தேன். இப்போது நான்கு வருடமாகக் கொலோன் நகருக்குப் பக்கத்தில் ஒரு மருத்துவமனையின் முதியோர் பிரிவில் இருக்கிறேன். என்னிடம் வழி கேட்டு எழுதுகிறவர்களில் பாதிப் பேர் கேட்பது ஒரே கேள்வி: "அக்கா, எந்தச் செயலி நல்லது?" அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதற்கு முன்னால் ஒரு ராத்திரியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நான் இங்கே வந்து மூன்றாவது வாரம். நைட் டியூட்டி. ஒரு பாட்டிக்கு உடம்பு வியர்த்திருந்தது. கூட வேலை பார்ப்பவர் விரலில் குத்திச் சர்க்கரையைப் பார்த்துவிட்டு, அறைக்குள்ளிருந்தே சத்தமாக அளவைச் சொன்னார். வெளியே நின்ற நான் தாளில் 26 என்று எழுதினேன். 26 என்றால் சர்க்கரை ஆபத்தாக இறங்கிவிட்டது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கை நடுங்க உள்ளே ஓடினேன். பாட்டி தலையணையில் சாய்ந்து ஆப்பிள் ஜூஸ் குடித்துக்கொண்டிருந்தார். மீட்டரில் 62.

ஜெர்மன்காரர்கள் ஒன்றாம் இடத்து இலக்கத்தை முதலில் சொல்வார்கள். அறுபத்திரண்டை "இரண்டும் அறுபதும்" என்பார்கள்: ட்ஸ்வை உண்ட் ஸெஷ்ட்ஸிஷ். காதில் முதலில் விழுந்தது இரண்டு, கை இரண்டை எழுதியது. அடுத்து ஆறு விழுந்தது, ஆறை எழுதியது. இத்தனைக்கும் எண்கள் பாடத்தை நான் செயலியில் முழு மதிப்பெண்ணோடு முடித்திருந்தேன். இருநூறு நாளுக்கு மேல் ஒரு நாள் விடாமல் படித்த கணக்கு என் போனில் இருந்தது. ஆனால் அந்தப் பாடத்தில் திரையில் நான்கு விடைகள் இருக்கும், கேட்டதற்குப் பக்கத்தில் வருவதைத் தொட்டால் போதும். அதில் என் கண் பாஸாகியிருந்தது. காது பரீட்சையே எழுதவில்லை.

அந்த ராத்திரிக்கு அப்புறம்தான் ஒன்று புரிந்தது. நமக்கு எது தெரியும், எது தெரியாது என்று நாம் சொன்னால்தான் செயலிக்குத் தெரியும். நாம் பொய் சொன்னால் அது பொய்யின் மேல் கணக்குப் போடும். பி.பி. பார்க்காமல் சார்ட்டில் 120/80 என்று எழுத உங்களில் யாருக்காவது மனசு வருமா? செயலியில் மட்டும் ஏன் அப்படி எழுதுகிறோம்?

விளக்கமாகச் சொல்கிறேன். நான் பயன்படுத்துவது ஆன்கி என்ற நினைவு அட்டைச் செயலி. டேமியன் எல்ம்ஸ் என்ற ஆஸ்திரேலியர், ஜப்பானிய மொழி படிப்பதற்காகத் தனக்கென்று எழுதி 2006-இல் வெளியிட்டது. கணினியிலும் ஆன்ட்ராய்டு போனிலும் இலவசம். ஐபோன் செயலிக்கு மட்டும் காசு, அதுவும் கொஞ்சம் அதிகம். ஐபோன் வைத்திருப்பவர்கள் ஆன்கிவெப் தளத்தில் காசில்லாமல் பார்க்கலாம். அலங்காரம் ஒன்றும் கிடையாது. முன்பக்கம், பின்பக்கம் என்று அட்டைகள், அவ்வளவுதான். ஒரு அட்டை சரியாக நினைவுக்கு வந்தால் அடுத்த முறை பல நாள் தள்ளி வரும், அதற்கடுத்து இன்னும் தள்ளி வரும். மறந்துபோனால் உடனே திரும்பி வரும். படித்தது எவ்வளவு வேகமாக மறந்துபோகிறது என்பதை எப்பிங்ஹவுஸ் என்ற ஜெர்மன்காரர் தன்னையே சோதித்து 1885-இல் எழுதினார். 1972-இல் லைட்னர் என்பவர் அதற்கு அட்டைப் பெட்டி முறை ஒன்று சொன்னார். ஆன்கி அந்தக் குடும்பத்தில் வந்ததுதான்.

விடையைப் பார்த்ததும் நான்கு பொத்தான்கள் வரும்: அகெய்ன், ஹார்ட், குட், ஈஸி. நம் பிள்ளைகள் செய்கிற பெரிய தப்பு இங்கேதான் நடக்கிறது. மறந்தே போயிருக்கும். "இது எனக்குத் தெரிஞ்ச வார்த்தைதான், கொஞ்சம் தடுமாறிட்டேன்" என்று ஹார்ட்டை அழுத்திவிடுவார்கள். ஆன்கியைப் பொறுத்தவரை ஹார்ட் என்றால் "கஷ்டப்பட்டேன், ஆனாலும் நினைவுக்கு வந்தது" என்று பொருள். பாஸ் கணக்கு அது. மறந்ததற்கு அகெய்ன் ஒன்றுதான். 2023-இல் ஆன்கியில் எஃப்.எஸ்.ஆர்.எஸ். என்று ஒரு புதிய கணக்கு முறை சேர்ந்தது. நீங்கள் இதுவரை அழுத்திய பொத்தான்களை வைத்தே உங்கள் மறதி எப்படிப்பட்டது என்று அது கணிக்கும். அமைப்புகளில் போய் அதை இயக்கிவிடுங்கள். ஆனால் மறந்த இடத்திலெல்லாம் ஹார்ட் அழுத்தி வந்தவருக்கு அந்தக் கணிப்பு முழுவதுமே கோணலாகிவிடும். தப்பான டெம்பரேச்சர் சார்ட்டை வைத்து டாக்டர் மருந்து எழுதுகிற மாதிரி.

அகெய்ன் அழுத்தும்போது மனசு சுருங்கும், எனக்குத் தெரியும். பத்தாவதிலிருந்தே நம்மை மார்க்கு வைத்து அளந்திருக்கிறார்கள். அந்தப் பொத்தானை யாரும் பார்க்கப்போவதில்லை தங்கச்சி. அழுத்துங்கள்.

தினமும் எத்தனை அட்டை? ஆன்கி தானாக ஒரு நாளைக்கு 20 புதிய அட்டை தரும்படி அமைந்திருக்கும். ஷிஃப்டில் வேலை பார்க்கிறவருக்கு அது அதிகம். இன்றைக்குச் சேர்க்கும் 20 இன்றோடு முடிவதில்லை, நாளைக்கும் நாலு நாள் கழித்தும் திரும்ப வரும். ஒரு மாதத்தில் பார்த்தால் தினமும் நூற்றைம்பதுக்கு மேல் வந்து நிற்கும். நான் எட்டு என்று வைத்தேன். இரண்டு நாள் டபுள் டியூட்டி பார்த்து அட்டைகள் குவிந்துவிட்டால், புதியதைச் சுழியாக்கிவிட்டுப் பழையதை மட்டும் முடியுங்கள். எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டாம், அப்படிச் செய்துவிட்டு அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன். நைட் டியூட்டிக்காரர்களுக்கு இன்னொன்று: ஆன்கிக்குப் புது நாள் அதிகாலை 4 மணிக்குப் பிறக்கும். உங்கள் இடைவேளைக்கு நடுவில் நாள் மாறி, முடித்த வேலை திரும்ப வந்து நிற்கும். அந்த நேரத்தை மாற்ற முடியும். நான் காலை 10 என்று வைத்திருக்கிறேன். அந்த நேரத்தில் ஒன்று தூங்கிக்கொண்டிருப்பேன், இல்லாவிட்டால் வார்டில் நிற்பேன்.

சரி, அட்டையில் என்ன எழுதுவது? எனக்கு மனசில் நிறைய இருப்பது இந்த இடத்தில்தான்.

தயாராகக் கிடைக்கும் அட்டைக் கட்டுகளை நம்பி இருக்காதீர்கள். பி1 (ஜெர்மன் மொழித்திறனின் நடுத்தரப் படி) தேர்வுக்கு, அந்தத் தேர்வை நடத்தும் கோத்தே நிறுவனம் வெளியிட்ட சொற்பட்டியலில் ஏறத்தாழ 2400 சொற்கள். அதை அப்படியே யாரோ அட்டையாக்கியிருப்பார்கள், வாட்ஸ்அப்பில் சுற்றும். முன்பக்கம் ஜெர்மன், பின்பக்கம் இங்கிலீஷ். அந்தச் சொல் யார் வாயிலிருந்து எப்போது வந்தது என்று உங்களுக்குத் தெரியாது. அதனால் அது நிற்காது. அதற்குப் பதிலாக, டிரெஸ்ஸிங் தட்டை மனசில் கொண்டுவாருங்கள். கட்டுத்துணி, ஊசி, பிளாஸ்டர். ஜெர்மனில் கட்டு ஆண்பால்: டெர் ஃபெர்பாண்ட். ஊசி பெண்பால்: டீ ஷ்ப்ரிட்ஸெ. பிளாஸ்டர் ஒன்றன்பால்: டாஸ் ப்ஃப்லாஸ்டர். ஒரே தட்டில் மூன்று பாலும் வந்துவிட்டது. உயர்திணை, அஃறிணை என்று பொருளைப் பார்த்துப் பிரித்துப் பழகிய நமக்கு, ஊசி ஏன் பெண் என்று எந்த விதியும் விளங்காது. சிறுமியைக் குறிக்கும் மேட்ஷென் என்ற சொல்லே ஒன்றன்பால் என்றால் பாருங்கள். ஆகவே பெயர்ச்சொல்லைத் தனியாக அட்டையில் எழுதவே கூடாது. டெர், டீ, டாஸ் முன்னால் ஒட்டியிருக்க வேண்டும், பன்மையும் கூடவே. டெர் என்பதற்கு டீ என்று சொல்லிவிட்டால் அகெய்ன். சொல் நினைவு வந்ததே என்று குட் அழுத்தினால், பிற்பாடு ஒவ்வொரு வாக்கியத்திலும் திணறுவீர்கள்.

அடுத்தது, அட்டையின் மறுபக்கம் இங்கிலீஷ் வேண்டாம், தமிழ் எழுதுங்கள். ஏதோ மொழிப்பற்றில் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். பல இடங்களில் இங்கிலீஷைவிடத் தமிழிலிருந்து ஜெர்மனுக்குப் போகும் வழி குறுக்குவழி. "எனக்குக் குளிருது" என்கிறோம். ஜெர்மன்காரரும் "மீர் இஸ்ட் கால்ட்" என்பார், மீர் என்றால் எனக்கு. "எனக்குத் தலை சுத்துது" என்பது "மீர் இஸ்ட் ஷ்விண்ட்லிஷ்". "எனக்குத் தலை வலிக்குது" என்பது "மீர் டூட் டெர் கோஃப் வே". அதே நான்காம் வேற்றுமை. இங்கிலீஷ் வழியாகப் போனவர் "ஐ ஆம் கோல்ட்" என்று நினைத்து "இஷ் பின் கால்ட்" என்பார், தப்பாகிவிடும். என் வகுப்பில் ஆறு மாதம் எல்லோரும் அந்தத் தப்பைச் செய்தோம். ஒருவருக்கும் "எனக்கு" நினைவுக்கு வரவில்லை, ஏனென்றால் பாடம் முழுக்க இங்கிலீஷில் நடந்தது. வினைச்சொல் கடைசியில் வருவதும் அப்படித்தான். "இஷ் முஸ் ஈரென் ப்லூட்ட்ருக் மெஸ்ஸென்": நான் உங்கள் பி.பி.யை அளக்க வேண்டும் என்பதில் மெஸ்ஸென், அளப்பது, கடைசிக்குப் போய்விட்டது. இங்கிலீஷ் மட்டும் தெரிந்தவர் அந்த வினைக்காகக் காத்திருந்து களைத்துப் போவார். நமக்குக் காத்திருப்பது பிறவிப் பழக்கம்.

வலிக்கு வருவோம். "பெய்ன் எப்படி இருக்கு, மைல்டா சிவியரா?" என்று நம் ஊரில் சார்ட்டுக்காகக் கேட்போம். பாட்டிகள் பதில் சொல்வது வேறு மாதிரி: குத்துது, எரியுது, குடையுது, இழுக்குது, விண்ணு விண்ணுன்னு தெறிக்குது. ஜெர்மன் பாட்டிகளும் இதையேதான் சொல்கிறார்கள். குத்தும் வலி ஷ்டெஷெண்ட். எரியும் வலி ப்ரென்னெண்ட். இழுக்கும் வலி ட்ஸீயெண்ட். விண் விண் என்று தெறிப்பது போகெண்ட். குடையும் வலிக்கு போரெண்ட் என்பார்கள், அந்தச் சொல்லுக்கே துளை போடுவது என்றுதான் பொருள். முதல் முறை ஒரு தாத்தா முழங்காலைப் பிடித்துக்கொண்டு "போரெண்ட்" என்றபோது எனக்குள் எங்கள் ஆச்சி "குடையுதுடி" என்றது கேட்டது. அன்றைக்கு எழுதிய அட்டையின் பின்பக்கத்தில் "ஆச்சி, முழங்கால், குடையுது" என்று மட்டும் இருக்கும். ஒரு முறைகூட அதில் அகெய்ன் அழுத்தியதில்லை.

இந்த மடலில் ஜெர்மன் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதுகிறேன், படிக்க வசதியாக இருக்கும் என்பதால். உங்கள் அட்டையில் மட்டும் அப்படி எழுதாதீர்கள். கார்டென் என்று எழுதினால் அது தோட்டமா, சீட்டுகளா என்று தெரியாது. ஜெர்மனில் ஒன்று மெல்லிய க (g) ஒலியில் தொடங்கும், மற்றது அழுத்தமான க (k) ஒலியில். ட்ருக்கென் என்று எழுதினால் அழுத்துவதா அச்சடிப்பதா? நடுவில் இருக்கும் உயிரொலி வேறு, நம் எழுத்தில் அதைக் காட்ட வழியில்லை. ஜெர்மன் சொல்லை ஜெர்மன் எழுத்திலேயே எழுதி, ஒலியைச் சேர்த்துவிடுங்கள். ஃபோர்வோ தளத்தில் அந்த ஊர்க்காரர்கள் வாயால் சொன்ன ஒலிகள் கிடைக்கும். இல்லாவிட்டால் உங்கள் ஆசிரியரைச் சொல்லச் சொல்லிப் போனில் பதியுங்கள்.

எண்களுக்கு நான் செய்தது இதுதான்: முன்பக்கத்தில் வெறும் ஒலி, எழுத்து கிடையாது. கேட்டதும் கையில் பேனாவோடு தாளில் எழுத வேண்டும். அப்புறம்தான் திருப்பிப் பார்க்க வேண்டும். 21-இலிருந்து 99 வரை எல்லாம் கலந்து. இரண்டு மாதத்தில் காது திருந்தியது. இன்றைக்கும் வார்டில் யார் எண் சொன்னாலும் நான் ஒவ்வொரு இலக்கமாகத் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் எழுதுகிறேன்: "ஸெக்ஸ், ட்ஸ்வை?" யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

கேட்பது பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். பி1-க்கு அடுத்த படியான கோத்தே பி2 தேர்வில் படிப்பது, கேட்பது, எழுதுவது, பேசுவது என்று நான்கு பகுதி, ஒவ்வொன்றிலும் 100-க்கு 60 வேண்டும். நான் முதல் முறை கேட்பதில் 53. மற்ற மூன்றும் தேறியிருந்தன, அந்த ஒன்றை மட்டும் திரும்ப எழுதினேன். பயிற்சி மையத்தில் ஒலிப்பதிவு போடும்போதே அதன் எழுத்துவடிவத்தையும் கையில் கொடுத்துவிடுவார்கள். கண் படித்துவிடும், காது கேட்டதாக நாம் நினைத்துக்கொள்வோம். மறுபடியும் அதே பொய். டாய்ச்ச வெல்லெ வானொலி ஜெர்மன் செய்தியை மெதுவாக வாசித்து, எழுத்து வடிவத்தோடு இலவசமாகத் தருகிறது. முதலில் மூன்று முறை எழுத்தைப் பார்க்காமல் கேளுங்கள். புரிந்ததை இரண்டு வரி எழுதுங்கள். அதற்கப்புறம் எழுத்தைத் திறந்து, எங்கே கோட்டை விட்டோம் என்று பாருங்கள். கோட்டை விட்ட வாக்கியம் அன்றைய அட்டை. பி1-க்குக் கீழே இருப்பவர்களுக்கு அதே நிறுவனத்தின் நிக்கோஸ் வேக் என்ற காணொளிப் பாடம் நல்லது, ஏ1-இலிருந்து பி1 வரை போகும்.

இங்கே வந்த பிறகும் காது கொஞ்ச நாள் திணறும். கொலோன் பக்கத்து முதியவர்கள் "டாஸ்" என்பதை "டாட்" என்றும், "வாஸ்" என்பதை "வாட்" என்றும் சொல்வார்கள். எந்தச் செயலியும் எனக்கு அதைச் சொல்லித் தரவில்லை. நெல்லைப் பேச்சு தெரியாமல் பாளையங்கோட்டையில் டியூட்டிக்கு வந்த சென்னைப் பிள்ளையைப் போல் ஒரு மாதம் நின்றேன்.

பேசுவதற்கு இப்போது உரையாடும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் வந்துவிட்டன. நான் படித்த காலத்தில் இவ்வளவு இல்லை. வெட்கப்படாமல் பயன்படுத்துங்கள். "நீ இடுப்பு எலும்பு முறிந்த எண்பது வயதுப் பாட்டி, நான் உன்னைக் குளிப்பாட்ட வந்திருக்கிறேன், பேசு" என்று சொன்னால் பேசும். எத்தனை முறை தப்பு செய்தாலும் முகம் சுளிக்காது. ஆனால் கட்டாயம் சொல்லிவையுங்கள்: நாம் "ஸீ" போட்டுத்தான் பேசுவோம் என்று. பல செயலிகள் ஆரம்பத்திலிருந்தே "டூ" போட்டுப் பழக்கிவிடுகின்றன. டூ என்றால் நீ, ஸீ என்றால் நீங்கள். எண்பது வயதுப் பெரியவரை அறிமுகமில்லாத ஒருத்தி "நீ எழுந்திரு" என்றால் நம் ஊரில் எப்படி இருக்குமோ, இங்கேயும் அப்படித்தான்.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. வார்டிலிருந்து அட்டை எழுதச் சொன்னேன், சரி. நோயாளியின் பெயர், அறை எண், பிறந்த தேதி, நோய் விவரம் எதையும் எந்தச் செயலியிலும் போடாதீர்கள். போட்டோ எடுக்கவே எடுக்காதீர்கள். இங்கே நோயாளியின் ரகசியத்தைக் காப்பது குற்றவியல் சட்டத்தின் 203-ஆவது பிரிவில் இருக்கிறது, செவிலியருக்கும் அது பொருந்தும். என் அட்டைகளில் "ஆச்சி", "தாத்தா" தவிர வேறு பெயரே கிடையாது.

பயிற்சி மையம் நடத்துகிறவர்களும் இதைப் படிப்பீர்கள் என்று நினைக்கிறேன். உங்களிடம் ஒரே வேண்டுகோள். வாரத்தில் ஒரு மணி நேரம், பிள்ளைகள் தாங்களே அட்டை எழுதும் நேரமாக ஒதுக்குங்கள். தமிழில் எழுதட்டும், தடுக்காதீர்கள். அந்த அட்டைகளை ஜெர்மன் தெரிந்த ஒருவர் சரிபார்த்து, ஒலி பதிந்து கொடுத்தால் போதும். தப்பாக எழுதிய அட்டையை ஆன்கி மிகுந்த உண்மையோடு வருடக்கணக்காக நினைவில் வைத்திருக்கும், அதுதான் பயம்.

தங்கைகளே, தம்பிகளே, என் வலி அட்டைக் கட்டில் இப்போது முப்பத்தொன்று இருக்கிறது. "கடுக்குது" என்பதற்குச் சரியான ஜெர்மன் சொல் இன்னும் எனக்கு அகப்படவில்லை. "சுண்டி இழுக்குது" என்பதை இரண்டு விதமாக எழுதிவைத்திருக்கிறேன், எது சரி என்று கூட வேலை பார்ப்பவர்களைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். உங்கள் வார்டில், உங்கள் ஊரில் வலியை என்னென்ன சொல்லிச் சொல்கிறார்கள் என்று எழுதி அனுப்புங்கள். நாளைக்கு எனக்கு லீவு, உட்கார்ந்து சேர்த்துவிடுகிறேன்.

அன்புடன்,
கொலோன் பக்கத்திலிருந்து உங்கள் அக்கா